மூளைக்குள் போகக் கூடாத மருந்து

ஒரு கை நிறைய காகிதக் கீற்றுகளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார் ருக்மணி அக்கா. வெள்ளைக் கீற்றுகள். ஒன்றுகூடக் கசங்கவில்லை.

காலை பத்து மணி இருக்கும். பொம்மனஹள்ளியில் எங்கள் ஆய்வகம் இருந்த சந்துக்குள் தண்ணீர் லாரி ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அதன் பீப்பீ சத்தம் அடங்கும்வரை அக்கா காத்திருந்தார்.

"என்ன அக்கா இது?"

"எலிக்கூண்டுல போட்ட பேப்பரு மேடம். நேத்து சாய்ங்காலம் போட்டது. போட்டது போட்டபடியே கீது."

"அதுக்கென்ன?"

"இன்னா மேடம் இப்டி கேக்குறீங்கோ? எலின்னா ராவெல்லாம் கிழிச்சிக் கிழிச்சி மெத்தை பண்ணிக்கும். மத்த கூண்டுல எல்லாம் பஞ்சாட்டம் கிழிச்சி வெச்சிகீது. இந்த வரிசை மட்டும் தொடவே இல்ல. துன்னுது, தண்ணி குடிக்குது, அதோட சரி. தூக்கினா பொம்மையாட்டம் கையில உக்காந்துகினு கீது. எனக்கு மன்சு ஒப்பல."

அந்த வரிசை எந்த வரிசை என்று கேட்க வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை. இருந்தாலும் கேட்டேன். நாற்பத்தொன்று என்றார்.

நாற்பத்தொன்று என்பது ஒரு மருந்தின் எண். ஒரு செடியின் இலையிலிருந்து எடுத்த பொருளை நாங்கள் மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில் நாற்பத்தொன்றாவது. ரத்த அழுத்தத்தைக் குறைப்பதில் அதற்கு இணையாக எங்களிடம் வேறெதுவும் இல்லை. இரண்டு வாரத்தில் ஒரு பெரிய மருந்து நிறுவனத்திலிருந்து ஆட்கள் அதைப் பார்க்க வரவிருந்தார்கள்.

ருக்மணி அக்கா எங்கள் ஆய்வகத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தவர். எலிகளைக் கையாளும் லாகவத்தைப் பார்த்து எலியறைப் பொறுப்பையே அவரிடம் கொடுத்திருந்தோம். ஆராய்ச்சி மொழி அவருக்குத் தெரியாது. எலிகளைத் தெரியும்.

பச்சிலைதானே?

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகர் கேட்டிருந்தார். "பச்சிலையில் மருந்து இருக்கிறது என்றால் பச்சிலையையே தின்றுவிட்டுப் போகலாமே, அதை ஏன் சோதனைச் சாலையில் போட்டுக் கெடுக்கிறீர்கள்?"

நல்ல கேள்வி. ரிச்சர்ட்ஸ் டவுனில் என் பக்கத்து வீட்டு அம்மாளும் இதையே கேட்பார். ஒருமுறை நான் பேச்சுவாக்கில் ஒரு செடியின் பெயரைச் சொல்லப்போக, மறுநாளே அதைக் கொதிக்க வைத்துக் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அன்றிலிருந்து செடிகளின் பெயரை நான் வெளியே சொல்வதில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை.

செடி நமக்காக எதையும் தயாரிப்பதில்லை. பூச்சியை விரட்டவும் ஆடுமாடு கடிக்காமல் இருக்கவும் தனக்காகச் செய்துகொள்கிறது. அதில் ஏதோ ஒன்று நம் ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது என்றால் அது நம் அதிர்ஷ்டம். ஆனால் அளவு பொருந்தாத சட்டை மாதிரிதான் இருக்கும். ஆல்டர் செய்ய வேண்டும்.

எங்கள் இலைப்பொருளில் இரண்டு குறைகள். தண்ணீரில் கரையாது. குடலைத் தட்டுத்தடுமாறித் தாண்டினாலும் கல்லீரல் அதைப் பிடித்து உடனே வெட்டிப் போட்டுவிடும். பலன் தெரிய வேண்டுமென்றால் ஒருவர் கூடை இலையைத் தின்ன வேண்டியிருக்கும். அதைத்தான் சரிசெய்யப் புறப்பட்டோம். கல்லீரல் வெட்டுகிற இடம் எது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தை வெட்ட முடியாதபடி மாற்றினோம். நாற்பத்தொன்று அப்படிப் பிறந்தது. எலியின் வாலில் சின்னப் பட்டை கட்டித்தான் அழுத்தம் பார்ப்போம். நாற்பத்தொன்று கொடுத்த எலிகளுக்குக் காலையில் இறங்கிய அழுத்தம் மறுநாள் காலைவரை ஏறவில்லை. எங்கள் இயக்குநர் முரளிதர் அன்றைக்கு எல்லோருக்கும் மைசூர்பாக் வாங்கிக் கொடுத்தார்.

அந்த எலிகள்தான் இப்போது காகிதத்தைக் கிழிக்க மாட்டேன் என்கின்றன.

ருக்மணி அக்கா சொன்னதைக் கேட்டதும் எனக்கு வேறொருவரின் ஞாபகம் வந்தது.

டாடியின் விசில்

என் அப்பா கன்டோன்மென்ட் பக்கத்துப் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியர். எங்கள் தெருவில் எல்லோருக்கும் "மாஸ்டர்". எங்களுக்கு டாடி. கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். பூசைக்குப் போகும்போதுகூட அதைச் சட்டைக்குள் தள்ளிக்கொள்வாரே தவிர கழற்ற மாட்டார். மைதானத்தில் அவர் ஒரு பையனைத் திட்டினால் இரண்டு தெரு தள்ளி எங்கள் சமையலறையில் மம்மி சிரிப்பார்.

நான் நான்காவதோ ஐந்தாவதோ படிக்கும்போது டாடிக்கு ரத்த அழுத்தம் என்றார்கள். ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சின்ன மாத்திரை. டாடி அதை ஒரு நாளும் தவறவிடவில்லை. அழுத்தம் இறங்கியது. டாக்டருக்கு மகிழ்ச்சி.

சில வாரங்களில் வீடு அமைதியாகிவிட்டது.

டாடி பள்ளிக்குப் போனார், வந்தார். ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். மடித்த செய்தித்தாள் மடியிலேயே கிடக்கும். என் தம்பி பந்தால் ஜன்னல் கண்ணாடியை உடைத்தபோது திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். தம்பி அதற்குத்தான் பயந்து அழுதான். நான் முதல் ரேங்க் வாங்கிய அறிக்கையை நீட்டினேன். கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். மம்மி தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மாதா கோயிலில் நவநாள் ஜெபம் ஆரம்பித்தார். எங்களில் யாருக்கும் மாத்திரையின் மேல் சந்தேகம் வரவில்லை.

பல மாதம் கழித்து வழக்கமான டாக்டர் ஊருக்குப் போயிருந்த சமயம், அவருக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த இளம் டாக்டரம்மா பழைய சீட்டைப் பார்த்தார். "இதை எவ்வளவு நாளா சாப்பிடுறார்?" என்று கேட்டார். மம்மியைத் தனியாக அழைத்து வேறு சில கேள்விகள் கேட்டார். மாத்திரையை மாற்றி எழுதினார்.

ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு காலையில் வாசலில் டாடி பால்காரரைச் சத்தம் போட்டுத் திட்டினார். பாலில் தண்ணீர் கலந்தாராம். மம்மி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில்.

அந்த மாத்திரை சர்ப்பகந்தா வேரிலிருந்து வந்தது என்பது எம்.எஸ்ஸி. வகுப்பில்தான் எனக்குத் தெரிந்தது. நம் நாட்டு வேர். ஒரு காலத்தில் உலகம் முழுக்க ரத்த அழுத்தத்துக்கு அதிலிருந்து எடுத்த மருந்தைக் கொடுத்தார்கள். அழுத்தம் நன்றாகவே இறங்கும். ஆனால் மருந்து மூளைக்குள்ளும் போய்விடும், சிலருக்கு மனச்சோர்வைக் கொண்டுவரும் என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதினார். எத்தனை பேருக்கு அப்படி ஆகும், அந்தப் பழி முழுக்க அந்த மருந்தைத்தான் சேருமா என்பதில் வல்லுநர்களிடையே இன்றும் வாதம் உண்டு. எங்கள் வீட்டில் வாதமில்லை. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். என்ன வேலை செய்யப்போகிறேன் என்பது அன்றைக்கு முடிவாகிவிட்டது.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி"

இப்போது ருக்மணி அக்காவிடம் திரும்பி வருகிறேன்.

அவர் வைத்த காகிதத்தை அப்படியே அள்ளிக்கொண்டு முரளிதர் சாரின் அறைக்குப் போனேன். முரளிதர் தொம்மலூர்க்காரர். பல தலைமுறைக்கு முன் அரசாங்க வேலைக்காக இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். கன்னடத்தில் யோசித்துத் தமிழில் பேசுவார் என்று நாங்கள் கிண்டல் செய்வதுண்டு. கெட்டிக்கார வேதியியல் ஆள்.

"சார், நாற்பத்தொன்னு மூளைக்குள்ள போகுதுன்னு நினைக்கிறேன். அளந்து பாக்கணும்."

அவர் காகிதத்தைப் பார்த்தார். "எலி பேப்பர் கிழிக்கலைங்கறதுக்காகவா?"

"ஆமா."

"அளந்து பாருங்க. ஆனா ரிசல்ட் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

மருந்து நிறுவனத்தார் வருவதற்கு முந்தின நாள் முடிவு வந்தது. ரத்தத்தில் இருந்ததைவிட மூளையில் அதிகமாக இருந்தது. கல்லீரலிடமிருந்து தப்பிக்க நாங்கள் செய்த மாற்றம் அதைக் கொழுப்பில் எளிதாகக் கரையும் பொருளாக ஆக்கிவிட்டது. மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர்கள் மிகவும் இறுக்கமானவை. கண்டதையும் உள்ளே விடாது. கொழுப்பில் கரைவது மட்டும் சுலபமாக நுழைந்துவிடும். கல்லீரலுக்கு நாங்கள் பூட்டிய பூட்டே மூளைக்குச் சாவியாகியிருந்தது.

முரளிதர் கதவைச் சாத்தினார்.

"ஸ்டெல்லா, நாளைக்கு இதைச் சொல்ல வேணாம். அவங்க கையெழுத்துப் போட்டுட்டுப் போகட்டும். அப்புறமா நாமே சரிபண்ணிக்கலாம். பண்ண முடியாதா நம்மளால? ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரிச்சுக்கங்க."

"சரிபண்ண முடியும் சார். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா நாளைக்கு நான் பேசினா இதைச் சொல்லித்தான் பேசுவேன். வேணாம்னா நீங்க பேசுங்க."

"இருபது பேரோட வேலை இதுல மாட்டிக்கிட்டிருக்கு, தெரியுமா?"

"தெரியும். அதுல நானும் ஒருத்தி."

அவர் எழுந்து சாத்திய கதவைத் திறந்துவிட்டார். "நீங்களே பேசுங்க" என்றார். என்னை அனுமதித்தாரா, கைகழுவினாரா என்பது அந்தக் குரலில் எனக்குப் புரியவில்லை.

கூட்டத்தில் ருக்மணி

மூன்று பேர் வந்தார்கள். தலைமை தாங்கியவர் நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண்மணி. அழுத்தம் இறங்கிய படங்களைக் காட்டும்போது அவர் முகம் மலர்ந்தது. அதற்கடுத்த படமே மூளை அளவு. "இந்த நிலையில் இதை மனிதர்களுக்குக் கொடுக்கக் கூடாது" என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன்.



"மூளையில் தேட வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது?" என்று கேட்டார் அந்தப் பெண்மணி.

வெளியே போய் ருக்மணி அக்காவைக் கூட்டிவந்தேன். நீலக் கோட்டோடு, தலையில் மாட்டிய வலைத் தொப்பியோடு அப்படியே வந்தார். தமிழிலும் கன்னடத்திலுமாகச் சொன்னார். மொழிபெயர்க்க நான் வாயெடுப்பதற்குள் முரளிதரே எழுந்து ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். ஒரு சொல்லையும் குறைக்கவில்லை.

"அவற்றுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாமே?" என்றார் பெண்மணி.

அக்கா தலையை ஆட்டினார். "நோவு வந்த எலி துன்னாது மேடம். முடி சிலுப்பிக்கும், முதுகு கூனிக்கும். இதுங்கோ பளபளன்னு கீது. ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. எதும்மேலயும் ஆசை இல்ல, அவ்ளோதான்."

முரளிதர் அதை மொழிபெயர்க்கும்போது கொஞ்சம் தடுமாறினார். அந்தப் பெண்மணி எழுதிக்கொண்டார்.

கையெழுத்து எதுவும் ஆகவில்லை. கிளம்பும்போது, "இது எங்களுக்கு வேண்டாம். சரிசெய்துவிட்டீர்கள் என்றால் முதலில் எங்களைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். கார் சந்து முனையைத் தாண்டியதும் முரளிதர் என்னைப் பார்க்காமல் உள்ளே போனார்.

கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம்

அடுத்த பத்து நாள் அவர் என்னோடு பேசவில்லை. டீ நேரத்தில் எங்களோடு நிற்கவும் வரவில்லை. எனக்கு வருத்தம்தான். ஆனால் சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

பதினோராம் நாள் காலை நான் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது யாருடையதோ கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்துப் போட்டார். பின்பக்கம் முழுக்கப் பென்சிலில் மருந்தின் அமைப்பு வரைந்திருந்தது.

"ஸ்டெல்லா, நீங்க பண்ணினது சரி. நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன். அது வேற விஷயம். இதைப் பாருங்க."

பார்த்தேன். ஒரு நுனியில் அமிலத் தொகுதி ஒன்றைச் சேர்த்திருந்தார். அது இருந்தால் மருந்து தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும், மூளைச் சுவர் உள்ளே விடாது.

"குடலும் விடாதே சார்."

"அதான் மூடி" என்று பென்சிலால் தட்டினார். அமிலத்தின் மேல் ஒரு சின்ன மூடி. மூடி இருக்கும்போது குடலைத் தாண்டிவிடும். தாண்டியதும் உடம்பே மூடியைக் கழற்றிவிட வேண்டும். மூடி கழன்ற மருந்து ரத்தக் குழாயில் வேலை செய்யும், மூளைக்குள் போக வழி இருக்காது. மூடி போடுவது புது யோசனை இல்லை, வேறு மருந்துகளில் செய்திருக்கிறார்கள். எங்கள் இலைப்பொருளில் அதை எந்த இடத்தில் பொருத்தலாம் என்று கண்டதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

சொல்வது சுலபம். ஒரு மூடி வயிற்றிலேயே கழன்றுவிட்டது. இன்னொன்று கழலவே இல்லை, எலி விழுங்கியது அப்படியே வெளியே வந்தது. ஒன்று கழன்றது, ஆனால் அழுத்தம் இறங்கவில்லை. ஒரு கோடை போய் மழைக்காலமும் போனது. ஒவ்வொரு தோல்விக்கும் காரணம் தெரிந்ததால் எனக்குச் சோர்வு வரவில்லை. காரணம் தெரிந்த தோல்வி எங்கள் தொழிலில் பாதி வெற்றி.

ஐம்பத்தெட்டாவது மருந்தை எலிகளுக்குக் கொடுத்த மறுநாள் காலை, சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். ருக்மணி அக்கா போன் செய்தார்.

"எங்க கீறீங்கோ மேடம்?"

"பஸ்ல. என்ன ஆச்சு?"

"இன்னாவா? கூண்டெல்லாம் ஒரே குப்பை. பேப்பரைக் கிழிச்சது பத்தாதுன்னு தண்ணி பாட்டில் மூடியக் கடிச்சி வெச்சிகீதுங்கோ. ஒண்ணு என் விரலையே கடிச்சிடுச்சி!"

"ஐயோ, மருந்து போட்டீங்களா அக்கா?"

"போட்டாச்சி, போட்டாச்சி. நீங்கோ சீக்கிரம் வாங்கோ."

பஸ்ஸில் நான் சிரித்ததைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர் நகர்ந்து நின்றார். வால் அழுத்தம் பார்த்தோம். நாற்பத்தொன்று அளவுக்கு இறங்கவில்லை. ஆனால் இறங்கவேண்டிய அளவுக்கு இறங்கியது, இறங்கிய இடத்தில் நின்றது. மூளையில் தேடினால் இருக்கிறதா இல்லையா என்னும் அளவு. முரளிதர் தானே போன் எடுத்து அந்தப் பெண்மணியைக் கூப்பிட்டார்.

என்ன கேட்பது?

இதற்குப் பிறகு மற்ற விலங்குகள், நச்சுச் சோதனைகள், அனுமதிகள் என்று வருடங்கள் ஓடின. அவற்றை எழுதினால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். கடைசியில் ஐம்பத்தெட்டு மனிதர்களிடம் வந்தது. முதலில் நோயில்லாத தன்னார்வலர்கள்.

சோதனையை நடத்திய டாக்டர் ஓர் இளம்பெண். தன்னார்வலர்களிடம் தினமும் கேட்க வேண்டிய கேள்விகளைத் தமிழில் சரிபார்க்க எனக்கு அனுப்பியிருந்தார். ஒரு கேள்வியில் நின்றுவிட்டேன். "உங்களுக்கு மனச்சோர்வு உள்ளதா? ஆம் / இல்லை."

பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரிடம் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

டாடிக்கு இப்போது எண்பதுக்கு மேல். காது மந்தம், மற்றபடி திடமாக இருக்கிறார். இத்தனை வருடத்தில் அந்த மாதங்களைப் பற்றி நான் அவரிடம் கேட்டதே இல்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சத்தமாகக் கேட்டேன்.

"டாடி, அந்தப் பழைய மாத்திரை சாப்பிட்டீங்களே, அப்ப யாராவது வந்து 'மனசு சோர்வா இருக்கா'ன்னு கேட்டிருந்தா என்ன சொல்லிருப்பீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. "இல்லன்னு சொல்லிருப்பேன்."

"ஏன்?"

"சோர்வும் இல்ல, துக்கமும் இல்லம்மா. துக்கம் இருந்தாத்தான் அழுதிருப்பேனே. பசங்க மேட்ச் ஆடுவானுங்க, நான் லைன்ல நிப்பேன். பந்து தெரியும். கோல் விழுந்தா விழட்டும், விழலைன்னா போகட்டும். அவ்வளவுதான் இருந்துச்சு உள்ள. எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு எனக்கே தெரியல. அதை எப்படி நான் உங்க மம்மிகிட்ட சொல்றது?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேற எப்படிக் கேட்டிருந்தா சொல்லிருப்பீங்க?" என்றேன்.

"உனக்குப் பிடிச்சது இப்பவும் பிடிக்குதான்னு கேட்டிருக்கலாம். அதைக் கேட்டிருந்தா எனக்கே உறைச்சிருக்கும்."

அந்தக் கேள்வியைப் படிவத்தில் சேர்ப்பதற்கு டாக்டர் ஒரு குழுவிடம் போராட வேண்டியிருந்தது. வழக்கத்தில் இல்லாத கேள்வி என்றார்கள். நான் நேரில் போய் உட்கார்ந்து எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னேன். தமிழிலும் கன்னடத்திலும் ஒரு வரி சேர்ந்தது. அதற்குக் கீழே, விரும்பினால் எழுத ஒரு சின்னக் கட்டம்.

ஐம்பத்தெட்டு இப்போது நோயாளிகளிடம் போயிருக்கிறது. தேறுமா என்று கேட்கிறீர்களா? தேறும் என்பதே என் பதில். தேறாவிட்டால் ஏன் தேறவில்லை என்பதும் எங்களுக்குத் தெரிந்துவிடும். இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் மாத்திரையை நிறுத்த வேண்டாம். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். நானே தினமும் காலையில் ஒரு சாதாரண மாத்திரை போட்டுக்கொள்கிறவள்தான்.

தன்னார்வலர்களோடு நடந்த முதல் கட்டம் முடிந்த அன்று டாக்டர் போன் செய்தார். அழுத்தம், நாடி, ஈரல் எல்லாம் ஒழுங்கு என்று வரிசையாகப் படித்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மேடம், உங்க கேள்விக்கு எல்லாருமே ஆமான்னுதான் போட்டிருக்காங்க. ஒருத்தர் மட்டும் கட்டத்துல எழுதிருக்கார்" என்றார்.

"என்னன்னு?"

"'பிடிக்கிறது. தினமும் பிடிக்கிறது. ஆனால் இங்கே பிரியாணி தர மாட்டேன் என்கிறார்கள்.' இதை அறிக்கைல விட்டுடலாமா மேடம்?"

"ஒரு எழுத்தைக்கூட விடாதீங்க டாக்டர்" என்றேன்.